நெடுந்தீவின் வழிகாட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையரே,

மாவலித்துறையில் படகு கட்டுவதற்கு முன்பே வந்து நின்று, இறங்குகிற சனத்திடம் "தீவு சுத்திப் பாக்கப் போறியளோ?" என்று கேட்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் ஆட்டோ ஓட்டுபவர் உண்டு, பிக்கப் வைத்திருப்பவர் உண்டு, விடுமுறை நாளில் அண்ணனுக்கு உதவியாக வந்து நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளையும் உண்டு. வழிகாட்டி என்ற அட்டை கழுத்தில் தொங்கினாலும் தொங்காவிட்டாலும், நெடுந்தீவு எப்படிப்பட்ட இடம் என்று வெளியூராருக்குச் சொல்லும் வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தத் தீவைப்பற்றி ஒரு புத்தகமும் படித்திருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதைத்தான் அவர்கள் ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

இப்போது நடக்கிற சுற்றுலாவின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. காலைப் படகில் வந்தால் பிற்பகல் படகுக்குள் திரும்பவேண்டும். இடையில் கிடைக்கிற சில மணி நேரத்துக்குள் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம், வளரும் கல், பெரிய பாதம், குதிரை எல்லாவற்றையும் காட்டி முடிக்கவேண்டும். ஓரிடத்தில் வண்டி நிற்கிறது, சனம் இறங்கிப் படம் எடுக்கிறது, வண்டி புறப்படுகிறது. படகின் நேரம் உங்கள் கையில் இல்லாதபோது இதற்காக உங்களைக் குறைசொல்ல ஞாயமில்லை. ஆனால் அதே நேரத்துக்குள் வேறு மாதிரியும் செய்யலாம் என்று நினைக்கிறேன். கேட்பது இரண்டே விஷயம். தீவின் ஒரு பகுதியையாவது கால்நடையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். கதை சொல்லும்போது எது ஆதாரம், எது மரபு, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

முதலில் நடையைப் பற்றி. சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவை ஒரு பகலில் நடந்து முடிக்க முடியாது. அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. தூரத்தை வண்டியில் கடந்து, பார்க்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே எல்லோரையும் இறக்கிவிட்டு, மிச்சத்தை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள் என்கிறேன். நெடுந்தீவு மலையோ மேடோ இல்லாத தட்டைத் தீவு. தொலைவிலிருந்து கண்ணை இழுக்கிற காட்சி இங்கே குறைவு. இங்குள்ள சிறப்பெல்லாம் காலடியிலும் இடுப்பளவு உயரத்திலும்தான் இருக்கின்றன. வண்டியின் வேகத்தில் முதலில் தப்பிப்போவது உங்கள் கல்வேலிகள்.

வெளியூரார் கோட்டையைத்தான் பழைமை என்று நினைத்து வருகிறார்கள். துறையில் இறங்கியதுமே பழைமை தொடங்கிவிடுகிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். சாந்து இல்லாமல், கல்லுக்குமேல் கல்லை இடம்பார்த்து அடுக்கிய வேலி ஒவ்வொரு வளவையும் சுற்றிப் போகிறது. ஒரு கல்லின் பக்கத்தில் அவர்களைக் குந்தி இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் முகத்தில் பூவைப்போலவும் மூளையின் மடிப்பைப்போலவும் தெரிகிற வரிகள், ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடிருந்த பவள உயிர்கள் கட்டிய கூடுகள். இந்த முருகைக்கல்லைத்தான் அடுக்கி வேலியாக்கினார்கள், செதுக்கிச் சுவராக்கினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கி அதே சுவருக்குச் சாந்தாகவும் பூசினார்கள். கோட்டையும் வேலியும் ஒரே கல்லின் இரண்டு பிறப்பு. இது விளங்கினவர் பிறகு கோட்டைக்குப் போகும்போது வேறு கண்ணோடு போவார். கோட்டையை மூன்று அரசுகள் கைமாற்றிக் கைவிட்டன. வேலியை விழவிழ எடுத்து வைக்கும் ஆட்கள் இன்றும் தீவில் இருக்கிறார்கள்.

நடையை எங்கே தொடங்குவது? துறையிலேயே தொடங்குங்கள். குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போங்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், குழந்தைகளும் பெண்களும் உட்படக் குறைந்தது 23 பேரை வெட்டிக் கொன்றார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். வருகிறவர்களும் அதே கடல்வழியால் ஒரு மணி நேரம் பயணம் செய்து இப்போதுதான் இறங்கியிருப்பார்கள். சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் இதை ஏன் சொல்வது என்று சிலர் முகம் சுளிக்கலாம். குரலை உயர்த்தாமல், கூட்டாமல் குறைக்காமல், நாளையும் நடந்ததையும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஒல்லாந்தர் காலத்தை விரல்விட்டுச் சொல்லிவிட்டு, தாய் தகப்பன் காலத்தில் நடந்ததை விட்டுவிடுகிற வழிகாட்டியை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது புறாக்கூடு. "ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக்குப் புறாவில் கடிதம் அனுப்பின இடம்" என்றுதான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் கதை இன்னும் சுவையாகும். தூதுப் புறா நாம் சொல்லும் இடத்துக்குப் போகாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் தான் வளர்ந்த கூட்டுக்குத்தான் திரும்பும். ஆகவே நெடுந்தீவில் வளர்ந்த புறாவை முதலில் கூண்டில் வைத்து வள்ளத்தில் யாழ்ப்பாணம் கொண்டுபோகவேண்டும். அங்கே அதன் காலில் சேதியைக் கட்டி விட்டால் அது இங்கே பறந்து வரும். தூதுக்காகத்தான் கட்டினார்கள் என்றால், இந்தக் கூடு சேதி புறப்பட்ட இடமாக இருந்திருக்க முடியாது, சேதி வந்து சேர்ந்த இடமாகத்தான் இருந்திருக்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். ஐரோப்பாவில் புறாக்கூடுகளை இறைச்சிக்காகவும் எச்சத்து உரத்துக்காகவும் கட்டி வைத்திருந்தார்கள். இந்தக் கூட்டுக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்பவரையே யோசிக்க விடுங்கள். யோசித்த மனிதருக்குப் படம் எடுத்த மனிதரைவிட அதிகம் நினைவிருக்கும்.

பிறகு வைத்தியசாலைக்குப் பின்னால் உள்ள கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. அவர்கள் வந்துபோன காலத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கையில் விழுந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் வசமானது. போர்த்துக்கேயர் இந்தத் தீவை மாடுகளின் தீவு என்ற பொருளில் இல்யா தாஸ் வாக்காஸ் என்று அழைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைத் தீவுகளுக்குப் பகிர்ந்து வைத்தார்கள்: காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், எழுவைதீவுக்கு ஹோர்ன், உங்களுக்கு டெல்ஃப்ட். மற்றவை பழைய வரைபடங்களோடு போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் அரசாங்க ஆவணங்களின் ஆங்கிலப் பக்கத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோட்டைச் சுவரின் பருமனைப் பார்த்ததும் "எவ்வளவு கெட்டிக்காரர்" என்ற வியப்பு வருகிறவர்களின் வாயில் வரும். அந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கல்லைச் சுமந்தது யார்? அக்காலத்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் 'ஊழியம்' என்ற கட்டாய வேலை நடைமுறையில் இருந்தது. குடிகள் ஆண்டில் குறித்த நாள்களுக்குக் கூலியில்லாமல் ஆட்சியாளருக்கு வேலை செய்யவேண்டும். ஒல்லாந்தர் ஆவணங்களிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கட்டச் சொன்னவன் பெயரைச் சொல்கிற இடத்தில், கட்டின கையையும் ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். அந்தக் கை உங்கள் ஊர்க் கையாக இருந்திருக்கக்கூடும்.

இந்தச் சுவர்கள் ஏன் விழுகின்றன என்பதையும் காட்டலாம். முருகைக்கல் துளைகள் நிறைந்தது. கடற்காற்றில் வருகிற உப்பு அந்தத் துளைகளுக்குள் போய் ஈரம் காயும்போது பளிங்காகி விரிகிறது. கல் உள்ளிருந்தே பொடிகிறது. சாந்து உதிர்ந்த வெடிப்பில் ஒரு பறவை போட்ட ஆலம் விதை முளைத்தால் சில ஆண்டில் வேர் சுவரைப் பிளந்துவிடும். இதற்குமேல் சுவரில் ஏறி நின்று படம் எடுக்கிறவரின் பாரமும் சேர்கிறது. "ஏறாதேயுங்கோ" என்று வெறுமனே சொன்னால் கோபிப்பார்கள். பொடிந்த கல்லை விரலால் தொடாமல் காட்டி, இதனால்தான் ஏறக்கூடாது என்று சொன்னால் அவர்களே மற்றவரைத் தடுப்பார்கள்.

கோட்டைக்குப் பிறகு கிணற்றுக்குக் கூட்டிப் போங்கள். சுற்றுலாப் பட்டியலில் சாராப்பிட்டிக் கிணறுகளுக்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் நெடுந்தீவு நடையின் நடுப்பொருளே தண்ணீர்தான். இங்கே ஆறு இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக இறங்கி, கீழே இருக்கிற உவர்நீரின்மேல், பாலின்மேல் ஆடை படிவதுபோல மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீர் பாரம் கூடியது, அதனால்தான் இந்த ஏற்பாடு. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நல்ல தண்ணீர் நிற்கலாம் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பயம் வரும்: மேலே ஓர் அடியை இறைத்து முடித்தால் கீழிருந்து 40 அடிக்கு உப்பு ஏறலாம். நெடுந்தீவின் ஆடை மெல்லியது. எந்தக் கிணற்றில் எவ்வளவு அள்ளலாம் என்பதை உங்கள் பெரியவர்கள் நாவால் அறிந்து வைத்திருந்தார்கள்.

இது விளங்கினால் குதிரைக் கதையும் விளங்கும். குதிரைகளைக் காட்டாமல் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்பது தெரியும். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் நோலன் இங்கே இருந்து குதிரைப் பண்ணையை நடத்தினார் என்று சொல்லுங்கள். இங்கே எஞ்சி நிற்கும் லாயத்தின் தூண் வரிசை அதற்குச் சாட்சி. அத்தோடு நிற்காமல், கடலுக்கு அப்பால் நயினாதீவு இருக்கும் திசையைக் காட்டி இன்னொரு செய்தியைச் சொல்லுங்கள். அங்கே 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு வருகிற பரதேசி வணிகரைக் காக்கவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பண்டம் ஏற்றிவந்தது உடைந்தால் சரிபாதி என்று சட்டம் சொல்கிறது. போர்த்துக்கேயர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே குதிரை ஏற்றிய கப்பல்கள் இந்தக் கடலில் ஓடியிருக்கின்றன, உடைந்துமிருக்கின்றன. அதற்காக இந்தக் குதிரைகள் அந்தக் கப்பல்களில் வந்தவை என்று ஒரு படி தாண்டிவிடாதீர்கள். கல்வெட்டு சொல்லும் இடத்தில் நின்றாலே போதும், கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும்.

ஆட்சியாளர் போன பிறகு இந்தக் குதிரைகளைக் கட்டுவார் இல்லை, அவை கட்டாக்காலிகளாயின. கோடையில் தண்ணீரும் புல்லும் குறையும்போது செத்துவிழுகின்றன. ஒவ்வொரு கடும் வரட்சிக்கும் பத்திரிகைகளில் அந்தப் படம் வரத்தான் செய்கிறது. வருகிறவர்கள் இரக்கப்பட்டுப் பாணும் பிஸ்கற்றும் நீட்டுவார்கள். குதிரையின் குடல் புல்லுக்கு ஆனது. மாவுப் பண்டம் அதற்கு வயிற்று நோவைத் தரும், மனிதரைத் துரத்தவும் பழக்கும். நல்ல படத்துக்காகக் குதிரைக் கூட்டத்தை ஓடவிடச் சொல்கிறவர்களும் வருவார்கள். வெயிலில் ஒருமுறை ஓடவிட்டால் அது குடித்த தண்ணீர் வியர்வையாகப் போய்விடும், அடுத்த வாய்த் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். காசு கூடத் தருகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

மேற்குப் பக்கத்தில் இருக்கும் வெடியரசன் கோட்டைக்குப் போவோர் குறைவு. அங்கேதான் வழிகாட்டிக்குப் பெரிய சோதனை இருக்கிறது. கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடி நாகதீவுப் பக்கம் மரக்கலம் ஓட்டிவந்த மீகாமனோடு வெடியரசன் போர்செய்து தோற்றான் என்பது ஈழத்துக் கண்ணகி வழிபாட்டு மரபில் வழங்கிவரும் கதை. ஒன்றைக் கவனித்தீர்களா? வைத்தியசாலைப் பக்கத்துக் கோட்டைக்கு மீகாமன் கோட்டை என்று ஒரு பெயர். மேற்கே இருப்பது வெடியரசன் கோட்டை. கதையில் சண்டைபிடித்த இருவருக்கும் இந்தத் தீவு ஆளுக்கொரு கோட்டை கொடுத்து வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சுவரைக்கூட உங்கள் முன்னோர் தங்கள் கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். இப்படிச் சொல்லிக் காட்டினால் யார்தான் ரசிக்கமாட்டார்கள்?

ஆனால் அங்கே மண்ணில் இருப்பவை முருகைக்கல்லால் கட்டிய வட்ட அடித்தளங்கள், பௌத்த தூபிகளின் எச்சங்கள். இதைச் சொல்லப் பயப்படுகிற நிலைமையை நாட்டின் அரசியல் நமக்கு உண்டாக்கி வைத்திருக்கிறது. பௌத்தம் என்ற சொல் கேட்டவுடன் ஒரு பக்கம் "எங்கட இடம்" என்று பலகை நடும், மறுபக்கம் "அப்பிடி ஒண்டும் இல்லை" என்று மறைக்கும். இரண்டும் வேண்டாம். தமிழகத்திலும் ஈழத்திலும் தமிழர் பௌத்தராகவும் வாழ்ந்தார்கள் என்பது வரலாறு. மணிமேகலையைப் பாடியவர் தமிழ்ப் பௌத்தர். அதில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவு என்று கருதும் ஆய்வாளர் பலர். கல் தூபியின் கல், கதை வெடியரசனின் கதை, இரண்டும் இந்த ஊருக்கே உரியவை என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அரைகுறையாக மறைத்தால் நாளைக்கு வேறொருவர் வந்து முழுதாக மாற்றிச் சொல்வார்.

பெருக்கு மரத்தடியில் நின்று 'ஆயிரம் வருசம்' என்று அடித்துச் சொல்லவேண்டாம். உள்ளே பொந்தாகிவிட்ட மரத்தில் வளையம் எண்ணி வயது பார்க்க முடியாது, கரிமக் கணிப்புத்தான் வழி. ஆபிரிக்காவுக்கு உரிய இந்த மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து, மன்னாரிலும் இதன் உறவுகள் நிற்கின்றன. இதன் பூ இரவில் விரியும், வௌவால் தேடி வரும் என்பதைப் பகலில் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். பொந்துக்குள் புகுந்து பெயர் கிறுக்குகிறவர்களைக் கண்டால் கையைப் பிடியுங்கள். பட்டையில் விழுந்த கீறல் வழியாகப் பூஞ்சணம் உள்ளே போகலாம், தண்ணீரைச் சேமித்து வாழும் அந்த மென்மையான தண்டு அழுகக்கூடும்.

வளர்வதாக ஊரார் நம்பும் வளரும் கல்லுக்கும், காலடித் தடம் என்று அவர்கள் சொல்லும் பெரிய பாதத்துக்கும் வருவோம். பவளம் கடலுக்குள் உயிரோடு இருக்கும்வரைதான் வளரும், கரையேறிய கல் வளராது. சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணீர் கரைத்துப் பள்ளம் செய்வது யாழ்ப்பாணம் எங்கும் காண்பதுதான், சில பள்ளம் பாதம்போலவும் அமையும். இதைச் சொன்னால் ஊராரின் நம்பிக்கையைக் குலைப்பதாகுமோ என்று தயங்கவேண்டாம். "ஊரில் இப்படி நம்புகிறார்கள், கல் இப்படி உண்டாகும்" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் மரியாதை. கும்பிடுகிறவர் கும்பிட்டும், கேட்கிறவர் கேட்டும் போகட்டும்.

இனித் தெற்கு. தீவின் தென்பகுதியில் 1,846 ஹெக்டேயர் நிலம் 2015 ஜூனில் தேசிய பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. கப்பல்களுக்கு வழிகாட்ட உச்சியில் தீ மூட்டியதாகச் சொல்லப்படும் கோபுரமும் தென்முனையில்தான் நிற்கிறது. பூங்கா என்றதும் ஊரவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. மாடு மேய்த்த வெளியும் விறகு பொறுக்கிய பற்றையும் ஒருநாள் காலையில் திணைக்களத்தின் காணியாகிவிட்டால் யாருக்குத்தான் வராது? அந்தக் குறையை உரிய இடத்தில், பிரதேச செயலகத்திலும் வனஜீவராசிகள் திணைக்களத்திலும், சேர்ந்து நின்று பேசுங்கள். மேய்ச்சல் உரிமைக்காகப் பேசுகிற ஊர், அதே வெளியில் பிக்கப்பைக் குறுக்கே ஓட்டித் தடம் போட்டால் பேச்சு எடுபடாது. தரையில் முட்டையிடும் பறவைகள் அந்தப் புல்லில்தான் இருக்கின்றன. பாதை முடியும் இடத்தில் வண்டி நிற்கட்டும். அங்கிருந்து நடை, அதுவும் ஒருவர் பின் ஒருவராக.

சட்டத்தின் பலமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பழைய கட்டடங்களைச் சிதைப்பதும் கல்லை எடுப்பதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். பூங்காவுக்குள் உயிரினத்துக்குத் தீங்கு செய்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், நடை தொடங்கும்போதே நிபந்தனையாகச் சொல்லிவிடுங்கள். கல்லோ சிப்பியோ எடுக்கக்கூடாது, சுவரில் ஏறக்கூடாது, குதிரைக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது, கொண்டுவந்த வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுபோகவேண்டும். கடைசியில் சொன்னது சின்ன விஷயமில்லை. தீவில் எரித்தாலும் புதைத்தாலும் குப்பை தீவுக்குள்தான் இருக்கும், அதன் கழிவு நீங்கள் குடிக்கிற அந்த மெல்லிய தண்ணீருக்குள்தான் இறங்கும்.

காசைப் பற்றியும் வெட்கமில்லாமல் பேசவேண்டும். வண்டி வாடகை என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, கதையை இனாமாகக் கொடுக்கிறீர்கள். அதனால்தான் கதை தேய்ந்துபோகிறது. கதைக்கும் நடைக்கும் தனியாக ஒரு கூலி வையுங்கள், துறையிலேயே எழுதி மாட்டுங்கள், எல்லோரும் ஒரே தொகை சொல்லுங்கள். ஒருவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் வேண்டாம், கடைசியில் நிற்பவருக்குக் குரல் கேட்காது. மத்தியானச் சாப்பாட்டை ஊரில் ஒரு வீட்டில் சொல்லி வையுங்கள். தீவுப் பாலில் ஒரு தேத்தண்ணியும், பருவத்துக்கு நுங்கோ பனங்கிழங்கோ கிடைத்தால் வருகிறவர் காசு தீவிலேயே தங்கும். இப்போது அவர்கள் யாழ்ப்பாணத்தில் வாங்கிய சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டு அதன் தாளை உங்களிடம் விட்டுப் போகிறார்கள்.

தங்கைமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. துறையில் நிற்பவர்களில் நீங்கள் மிகக் குறைவு. கிணறு, வேலி, பால், பனை, வீட்டுக் கதை எல்லாவற்றையும் உங்கள் அம்மம்மாமார்தான் அதிகம் அறிவார்கள். அந்த அறிவு ஆட்டோவின் சாரதி ஆசனத்தில் ஏறாமலே போய்விடக்கூடாது. நடை வழிகாட்டலுக்கு வண்டி ஓட்டத் தெரியவேண்டியதில்லை. பாடசாலை ஆசிரியர்கள் மனம்வைத்தால் ஒரு விடுமுறைக்குள் சில பிள்ளைகளைப் பழக்கிவிடலாம்.

அதற்கு முதலில் கதைகளைச் சேர்க்கவேண்டும். கையில் இருக்கிற தொலைபேசியே போதும். ஊரில் மூத்தவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, எந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் உப்பு ஏறும், எந்த வேலியை யார் கட்டினார், எந்த வரட்சியில் எத்தனை மாடு போனது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த ஒலியின் ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள், அங்கே தொல்லியல் படிக்கும் மாணவரைத் தீவுக்கு அழையுங்கள். அவர்கள் ஆதாரம் கொண்டுவருவார்கள், நீங்கள் மரபைக் கொடுப்பீர்கள். இரண்டும் சந்திக்காத இடத்தில்தான் ஊகம் முளைக்கிறது.

யாழ்ப்பாண மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு இலக்கம் இடும்போது ஜே/01 என்று நெடுந்தீவில்தான் எண்ணத் தொடங்குகிறார்கள். ஜே/06 வரை உங்களுடையவை. ஆனால் வீதி, மருந்து, தண்ணீர், படகு என்று எதைக் கொடுக்கும்போதும் உங்களைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். அந்தக் குறைகளையும் நடக்கும்போது சொல்லுங்கள். வருகிறவர் சிதைந்த சுவரை மட்டும் பார்த்து, வாழ்கிற சனத்தைப் பார்க்காமல் திரும்பினால் அந்த நடையால் பயனில்லை.

எல்லோரும் ஒரே நாளில் மாறவேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர், வருகிற ஒரேயொரு குழுவை, புறாக்கூட்டிலிருந்து கோட்டை வரை நடத்திக் கூட்டிச் சென்று பாருங்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள் மாறும். அந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் புறப்படுங்கள், மற்றதை நெடுந்தீவு உங்களுக்குக் கற்றுத்தரும்.

அன்புடன்,
உங்கள் தீவுக்கு அடிக்கடி வந்துபோகும் யாழ்ப்பாணத்தான் ஒருவன்